பூச்சிக்கடி அரிக்கிறதா? தோலில் தெரிவதைப் பார்த்து வைத்தியத்தைத் தேர்ந்தெடுங்கள்

பூச்சிக்கடிக்கு என்ன தடவலாம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடித்து எவ்வளவு நேரம் ஆகிறது? கடித்த ஐந்தாவது நிமிடத்தில் நன்றாகக் கேட்கும் கைவைத்தியம் மறுநாள் இரவில் பாதிகூடப் பயன் தராது. மூன்றாம் நாள், சொறிந்து புண்ணான தோலில் அதையே பூசினால் எரிச்சல் கூடுவதுதான் மிச்சம். "எல்லாம் செய்து பார்த்தேன், எதற்கும் கேட்கவில்லை" என்பவர்களில் பலர், நல்ல பொருளைத் தவறான கட்டத்தில் பூசியவர்களாகவே இருக்கிறார்கள்.

என் மகளின் தோல் பூச்சிக்கடியைத் தாங்காது. ஒரு கொசு கடித்தால் ஒரு வாரம் அவளுக்குத் தூக்கம் கெடும். அவள் பொருட்டுப் பல ஆண்டுகளாகக் கடிகளைக் கவனித்துப் பழகியதில், எந்தப் பூச்சி என்று துப்புத் துலக்குவதைவிட, தோல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது விரைவில் வழி காட்டுகிறது என்று தெரிந்துகொண்டேன். ஆகவே கீழே அறிகுறிகளை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேரே போய்விடலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதையும் பூசுவதற்கு முன்

கடித்த இடத்தைப் பார்க்கும் முன், ஆள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். மூச்சுத் திணறுகிறதா, இழுப்புச் சத்தம் கேட்கிறதா? உதடு, நாக்கு, தொண்டை வீங்குகிறதா? கடித்த இடத்தை விட்டுத் தொலைவில், உடம்பெல்லாம் தடிப்புக் கிளம்புகிறதா? தலைசுற்றல், வாந்தி, மயக்கம் உண்டா? இவை கடுமையான ஒவ்வாமையின் அடையாளங்கள். தேனீ, குளவி, சிலவகை எறும்புகள் கொட்டிய சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். சில சமயம் ஓரிரு மணி நேரம் கழித்தும் வரும்.

இங்கே கைவைத்தியத்துக்கு இடமே இல்லை. ஆம்புலன்ஸை அழையுங்கள். அவரிடம் எபிநெஃப்ரின் ஊசி (கடுமையான ஒவ்வாமைக்கான அவசர ஊசி) இருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போடுங்கள். படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். ஒவ்வாமை மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்தானது. அந்த மாத்திரை அரிப்பைக் குறைக்கும். அடைபடும் தொண்டையைத் திறக்காது.

அறிகுறி: கடித்த சில நிமிடங்களில் தடித்து, கடுமையாக அரிக்கிறது

கொசுக்கடியின் வழக்கமான முகம் இது. கடிப்பது பெண் கொசு மட்டுமே. இரத்தம் உறையாமல் இருக்க அது தன் உமிழ்நீரை நம் தோலுக்குள் செலுத்துகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள புரதங்களை உடல் அந்நியமாகக் கண்டு ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகிறது. அதனால்தான் தடிப்பும் அரிப்பும். சுமார் 20 நிமிடங்களில் இந்தத் தடிப்பு உச்சத்தை எட்டும். அந்த 20 நிமிடங்களுக்குள் நீங்கள் செய்வதற்குப் பலன் அதிகம்.

முதலில் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். அடுத்தது குளிர்ச்சி. பனிக்கட்டியை ஒரு துணியில் சுற்றி 10 நிமிடங்கள் வைத்திருங்கள். வெறும் பனிக்கட்டியை நேராகத் தோலில் வைத்தால் தோல் உறைந்து புண்ணாகும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. பனிக்கட்டி இல்லையென்றால் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கிறது. அரிப்பைச் சுமந்து செல்லும் நரம்புகளையும் மந்தப்படுத்துகிறது. வீட்டில் கிடைக்கும் எல்லாவற்றிலும் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். செலவில்லை, ஒவ்வாமை வராது, எத்தனை முறை வேண்டுமானாலும் இடைவெளி விட்டு வைக்கலாம்.

குளிர்ச்சி போதவில்லையென்றால் சமையல் சோடா. ஒரு மேசைக்கரண்டி சோடாவில், குழைவதற்கு மட்டும் போதுமான அளவு நீர் விட்டுக் குழையுங்கள். கடித்த இடத்தில் பூசி 10 நிமிடங்கள் கழித்துக் கழுவிவிடுங்கள். இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுவது. நம் தோல் இலேசான அமிலத் தன்மை கொண்டது. சோடா காரத் தன்மை கொண்டது. நெடுநேரம் இருந்தால் தோல் வறண்டு, அந்த வறட்சியே புதிதாக அரிக்கும். மற்றது, சலவை சோடாவை எடுத்துவிடுவது. அது மிகக் கடுமையான காரம், தோலைப் பொசுக்கிவிடும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

கலமைன் லோஷன் வீட்டில் இருந்தால் அதைவிட எளிதானது இல்லை. அந்த இளஞ்சிவப்பு நீர்மத்தில் இருப்பது துத்தநாக ஆக்சைடும் சிறிது இரும்பு ஆக்சைடும். உலரும்போது குளிர்ச்சி தந்து அரிப்பைத் தணிக்கும். குழந்தைகளுக்கும் பூசலாம், கண், வாய் அருகே வேண்டாம்.

சூட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கடித்த இடத்தில் சூடு வைத்தால் அரிப்பு நிற்கும் என்பது உண்மைதான். அதற்கென்றே சிறு மின்கருவிகள் விற்கின்றன. அவை சுமார் 51 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைச் சில விநாடிகள் மட்டும் கொடுத்துத் தானாக நின்றுவிடும். கரண்டியைச் சூடாக்கி வைப்பவர்களிடம் அந்த அளவும் இல்லை, நிறுத்தமும் இல்லை. சிறு வயதில் என் முன்கையில் அப்படி வைத்த சூடு கொப்புளமாகி, அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. கொசுக்கடி நான்கு நாளில் ஆறியிருக்கும். கரண்டி வைத்தியம் யாருக்கும் வேண்டாம், குழந்தைகளுக்கு ஒருபோதும் வேண்டாம்.

அறிகுறி: நேற்று லேசாக இருந்தது, இன்று அரிப்பு கூடிவிட்டது

பயப்படாதீர்கள். உடல் இரண்டு முறை எதிர்வினை காட்டுகிறது. முதல் தடிப்பு சில மணி நேரத்தில் அடங்கும். பிறகு ஒன்றரை நாளுக்குள் அதே இடத்தில் கெட்டியான சிவந்த புடைப்பு ஒன்று எழும். இந்த இரண்டாம் கட்டம் பல நாள் நீடிக்கும். ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். இதில் ஹிஸ்டமின் மட்டுமல்லாமல் அழற்சியை உண்டாக்கும் செல்களும் சேர்ந்துகொள்வதால், முதல் நாள் கேட்ட சோடா இப்போது கேட்காது.

இந்தக் கட்டத்துக்கு ஏற்றது 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம். மருந்துக் கடையில் கிடைக்கும், அழற்சியை அடக்கும் வலிமை குறைந்த ஸ்டீராய்டு இது. மெல்லிய படலமாக, நாளுக்கு இரண்டு முறை, அதிகபட்சம் ஏழு நாள். கிழிந்த தோலில் பூசக் கூடாது. முகத்தில் பூசவும், சிறு குழந்தைகளுக்குப் பூசவும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிடப் பல மடங்கு வலிமையான ஸ்டீராய்டுடன் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கிரீம்கள் பல வீடுகளின் அலமாரியில் கிடக்கும். யாருக்கோ எதற்கோ எழுதிக் கொடுத்தது அது. கொசுக்கடிக்கு எடுத்துப் பூசாதீர்கள். தோலை மெலிய வைத்துவிடும்.

மருந்து வேண்டாம் என்றால், ஓட்ஸ். இது வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஓட்ஸில் உள்ள அவெனாந்திரமைடு என்னும் பொருள்களுக்கு அழற்சியைத் தணிக்கும் தன்மை உண்டு. ஆனால் பதம் முக்கியம். முழு ஓட்ஸை நீரில் போட்டால் அடியில் தங்கிவிடும். மாவாக அரைத்தாக வேண்டும். அரைத்த மாவில் ஒரு கரண்டியை ஒரு குவளை நீரில் கலக்கிப் பாருங்கள். நீர் பால்போல வெளுத்து, மாவு அடியில் படியாமல் நின்றால் பதம் சரி. உடலில் பல இடங்களில் கடி இருந்தால் குளியல் தொட்டியின் வெதுவெதுப்பான நீரில் ஒரு கோப்பை மாவைக் கலந்து 10 முதல் 15 நிமிடம் அமர்ந்திருக்கலாம். ஒன்றிரண்டு கடிக்கு, மாவைத் துணியில் முடிந்து நனைத்து ஒற்றினால் போதும். வெந்நீர் வேண்டாம். வெந்நீரில் அந்த நேரம் சுகமாக இருக்கும். வெளியே வந்ததும் தோல் உலர்ந்து அரிப்பு திரும்பும்.

கற்றாழைச் சாறும் குளிர்ச்சி தரும். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுவதும் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் பயன்படுத்துங்கள். அந்த மஞ்சள் பால்தான் பலருக்கு எரிச்சலைத் தருவது.

அறிகுறி: பகலில் பரவாயில்லை, இரவில் தூங்கவிடுவதில்லை

இது மனப்பிரமை இல்லை. இரவில் உடலின் கார்ட்டிசோல் அளவு தாழ்கிறது. அது இயற்கையாகவே அழற்சியை அடக்கும் சுரப்பு. போர்வைக்குள் தோல் சூடாகிறது. கவனத்தைத் திருப்பும் வேலையும் இல்லை. மூன்றும் சேர்ந்து அரிப்பைப் பெரிதாக்குகின்றன.

படுக்கும் முன் குளிர்ந்த துணி ஒத்தடம், அதன்மேல் கலமைன், அறையில் காற்றோட்டம், மெல்லிய பருத்தி உடை. அதற்கும் மசியவில்லையென்றால் செடிரிசின் என்னும் ஒவ்வாமை மாத்திரை, 10 மில்லிகிராம் ஒன்று, பெரியவர்களுக்கு உதவும். நாளுக்கு ஒன்றுதான். லோராடடின் 10 மில்லிகிராமும் அப்படியே. செடிரிசின் சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும். வண்டி ஓட்ட வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கு வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

தூக்கத்தில் கை தானாகச் சொறியும். அதைத் தடுக்க எனக்குக் கிடைத்த மிக நல்ல வழி, கடியின் மேல் ஒரு சாதாரண பிளாஸ்திரி ஒட்டிவிடுவது. நகம் தோலைத் தொடாது. அவ்வளவுதான் அதன் வேலை. மகளுக்கு நகத்தை ஒட்ட வெட்டி, கணுக்காலில் கடி என்றால் காலுறையும் போட்டுவிடுவேன். பூசிய எந்தக் களிம்பையும்விட இது அவளுக்கு அதிக இரவுகளை மீட்டுக் கொடுத்தது.

சொறிவதைப் பற்றியும் கொஞ்சம். சொறியும்போது வலி எழுகிறது. வலி அரிப்பைச் சிறிது நேரம் அமுக்குகிறது. அதனால்தான் அது அவ்வளவு சுகமாக இருக்கிறது. ஆனால் கீறப்பட்ட தோலில் அழற்சி கூடுகிறது, கூடிய அழற்சி மேலும் அரிக்கிறது. நகத்தால் கூட்டல் குறி போட்டு அழுத்துவதும் இதே கதைதான். தாங்கவே முடியாதபோது, உள்ளங்கையால் கடியின் மேல் அழுத்திப் பிடியுங்கள், அல்லது அதைச் சுற்றியுள்ள தோலைத் தட்டிக்கொடுங்கள்.

அறிகுறி: கடித்த இடம் உள்ளங்கை அளவு வீங்கிச் சிவந்திருக்கிறது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இது பெரிய ஒவ்வாமையா, கிருமித் தொற்றா? இரண்டும் சிவக்கும், இரண்டும் சூடாக இருக்கும், சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையிலும் லேசான காய்ச்சல் வரும். பிரித்துக் காட்டுவது கடிகாரம்தான். கடித்த சில மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கி, வலியைவிட அரிப்பு மேலோங்கினால் பெரும்பாலும் ஒவ்வாமை. இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு சிவப்புப் பரவி, அரிப்பைவிட வலி மேலோங்கினால் தொற்று என்று சந்தேகியுங்கள்.

ஒரு பேனாவை எடுத்துச் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, நேரத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒவ்வாமை வீக்கம் ஓரிரு நாளில் உச்சத்தை எட்டிப் பின்வாங்கும். குளிர் ஒத்தடம், காலையோ கையையோ உயர்த்தி வைப்பது, ஒவ்வாமை மாத்திரை, இவை போதும். நாள்கள் சென்ற பின்னும் சிவப்பு கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டே போனாலோ, சீழ் வைத்தாலோ, கடியிலிருந்து மேல்நோக்கிச் சிவந்த கீற்று ஓடினாலோ, நெறி கட்டிக் காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். தோலின் ஆழத்தில் பரவும் தொற்றைப் பூச்சால் நிறுத்த முடியாது. நீரிழிவு உள்ளவர்கள் கோடு போட்டுக் காத்திருக்கவே வேண்டாம். வீக்கம் கண்ணைச் சுற்றியோ வாய்க்குள்ளோ இருந்தாலும் அப்படியே.

அறிகுறி: சொறிந்து தோல் கிழிந்துவிட்டது, நீர் கசிகிறது

இப்போது உங்கள் பிரச்சினை பூச்சி இல்லை; காயம். அரிப்புக்கு என்று பூசிய எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சோடா, கலமைன், ஹைட்ரோகார்ட்டிசோன், கற்பூரம் கலந்த களிம்பு எதுவும் கிழிந்த தோலுக்கு ஆகாது. சோப்பு நீரில் மென்மையாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசி, பிளாஸ்திரியால் மூடுங்கள். தினமும் மாற்றுங்கள். காயத்தை உலர விட்டால்தான் ஆறும் என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. ஈரப்பதம் காக்கப்பட்ட காயமே விரைவாக ஆறும். பொருக்குத் தட்டாததால் பிய்த்துவிடும் ஆசையும் வராது.

தேன் நிறத்தில் ஒட்டும் பொருக்கு படிந்து, பக்கத்துத் தோலுக்கும் பரவினால் அது குழந்தைகளிடம் எளிதில் தொற்றும் ஒரு தோல் நோய். அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவை. துண்டைத் தனியே வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூசவே கூடாதவை

நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் சில யோசனைகள் தோலைக் கெடுக்கின்றன. பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளிக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால், அதில் உள்ள ஒரு பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து தீக்காயம் போன்ற கொப்புளத்தையும், பல வாரம் நிற்கும் கருமையையும் தரும். சுண்ணாம்பு கடுங்காரம். பற்பசை குளிர்ச்சியாகத் தோன்றுவது அதிலுள்ள மென்தாலால்தான். மற்றப் பொருள்கள் எரிச்சலூட்டும். வாசனைத் தைலங்களை நீர்க்காமல் பூசுவதால் புதிய ஒவ்வாமையே வரலாம். கற்பூரக் களிம்பைக் கைக்குழந்தைகளுக்குப் பூசாதீர்கள், அவர்கள் கைக்கு எட்டும்படியும் வைக்காதீர்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

அறிகுறி: கடித்த நொடியில் சுரீரென்று வலி, பிறகு வீக்கமும் அரிப்பும்

இது கடி அல்ல, கொட்டு. தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது தோலிலேயே தங்கிவிடும். கூடவே நஞ்சுப் பையும் வந்து, தேனீ பறந்த பிறகும் நஞ்சை இறைத்துக்கொண்டிருக்கும். எனவே நொடிகள் முக்கியம். அட்டையால் வழித்துத்தான் எடுக்க வேண்டும், கிள்ளி எடுத்தால் நஞ்சு உள்ளே போய்விடும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே வீக்கத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்று 1996இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அட்டையைத் தேடி ஓடாதீர்கள். நகத்தால் பிடுங்கிப் போடுங்கள். குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. அதனால் மீண்டும் கொட்டும்; இடத்தை விட்டு நகருங்கள்.

தேனீ நஞ்சு அமிலம், அதனால் சோடா. குளவி நஞ்சு காரம், அதனால் வினிகர் என்ற கணக்கு சொல்வதற்கு அழகாக இருக்கிறது. நஞ்சு தோலுக்கு அடியில் திசுக்களில் கலந்துவிட்டது. மேலே பூசுவது அங்கே போய்ச் சேராது. கழுவுங்கள், குளிர் ஒத்தடம் கொடுங்கள், வலிக்குப் பாராசிட்டமால் எடுங்கள். மோதிரம், வளையல் இருக்கும் கையில் கொட்டினால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

நெருப்பெறும்பு கொட்டிய இடத்தில் ஒரு நாளுக்குள் சீழ்க்கொப்புளம் போல ஒன்று எழும். அதில் இருப்பது கிருமிச் சீழ் அன்று. உடைக்காமல் விட்டால் தானே வற்றும். உடைத்தால்தான் கிருமி புகும். கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் நாடாவைத் தோலில் ஒட்டி ஒட்டி எடுத்தால் மயிர்கள் வந்துவிடும், பிறகு கழுவுங்கள்.

அறிகுறி: காலையில் எழுந்தால் வரிசையாகவோ கொத்தாகவோ தடிப்புகள்

போர்வைக்கு வெளியே இருந்த கை, கழுத்து, முகத்தில் என்றால் மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள். மெத்தையின் தையல் ஓரங்களில் துருநிறப் புள்ளிகள், உரித்த தோல்கள், 5 மில்லிமீட்டர் அளவுள்ள தட்டையான பழுப்புப் பூச்சிகள் தெரியும். கடித்துப் பல நாள் கழித்துத் தடிப்பு வருவதும் உண்டு, 14 நாள்கூட ஆகலாம். ஆகவே நேற்றுத் தங்கிய இடத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கணுக்காலைச் சுற்றியும் முழங்காலுக்குக் கீழேயும் நடுவில் புள்ளியுடன் சிறு தடிப்புகள் என்றால், வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், தெள்ளுப்பூச்சி.

தோலைப் பொறுத்தவரை, முதல் இரண்டு அறிகுறிகளுக்குச் சொன்ன வைத்தியமே போதும். ஆனால் படுக்கையைச் சரிசெய்யாமல் தோலுக்கு மட்டும் பூசிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். விரிப்பு, உறை, உடை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தின் அதிக வெப்பத்தில் 30 நிமிடமாவது உலர்த்துங்கள். கட்டில் இடுக்குகளையும் தரைவிரிப்பையும் தூசி உறிஞ்சியால் இழுத்து, பையை உடனே வெளியேற்றுங்கள். செல்லப் பிராணிக்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள். தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும் என்பதால், ஒரு முறை சுத்தம் செய்துவிட்டு நிறுத்த முடியாது.

அறிகுறி: புதிதாக ஒன்று கடித்தால் பழைய கடிகளும் கிளம்புகின்றன

என் மகளின் கதை இதுதான். ஒரு கடி கடித்தால் இரண்டு வாரத்துக்கு முந்தைய ஐந்து இடங்கள் மறுபடியும் சிவக்கும். முதலில் எனக்குப் புரியவில்லை. வீடெங்கும் பூச்சி தேடினேன். இரண்டு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் மிகை உணர்வு இது. உடல் இன்னும் அந்த உமிழ்நீருக்குப் பழகவில்லை. வயது ஏற ஏறப் பெரும்பாலோருக்குத் தானே அடங்கிவிடும். அதுவரை கடியே விழாமல் பார்ப்பதுதான் பெரிய வைத்தியம்: கொசுவலை, முழுக்கை உடை, வயதுக்கு ஏற்ற விரட்டி மருந்து, தேங்கிய நீரைக் கொட்டுவது. கடித்துவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோனை முதல் நாளிலேயே தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது பெரிதும் உதவியது.

அறிகுறி: விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் அரிப்பு, வீட்டில் மற்றவர்களுக்கும்

இரவில் அதிகமாகி, வாரக்கணக்கில் நீடித்து, ஒருவர் பின் ஒருவராகப் பரவினால் அது பூச்சிக்கடியே இல்லாமல் இருக்கலாம். தோலுக்குள் துளைத்து வாழும் நுண்ணிய சிற்றுண்ணியால் வரும் சிரங்கு அது. முதல் முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் வீட்டில் எல்லோருக்கும் ஒட்டியிருக்கும். ஓட்ஸும் கற்றாழையும் இதைத் தொடாது. 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமை மருத்துவர் சொல்லும்படி கழுத்துக்குக் கீழ் உடல் முழுவதும் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து கழுவ வேண்டும். வழக்கமாக ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை. அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். சிற்றுண்ணிகள் செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து அடிக்கடி பூசாதீர்கள்.

அறிகுறி: கோடு இழுத்தது போல எரியும் கொப்புளங்கள்

கடித்ததே தெரியாது, ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துக் கழுத்திலோ கையிலோ கோடாகச் சிவந்து எரியும். முழங்கை மடிப்பில் இரு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று அச்சு எடுத்தது போல இருக்கும். கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி வரும் மெலிந்த சிறு வண்டு ஒன்றை, விளக்கு வெளிச்சத்துக்கு வந்து மேலே ஊர்ந்தபோது தூக்கக் கலக்கத்தில் நசுக்கியிருப்பீர்கள். அதன் உடலில் உள்ள பெடரின் என்னும் நஞ்சு தோலைப் பொசுக்குகிறது. சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, கையையும் கழுவி, அணிந்திருந்த உடையைத் துவைக்கப் போடுங்கள். குளிர் ஒத்தடம் கொடுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள். அடுத்த முறை மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள்.

அறிகுறி: கடித்தது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது

உண்ணி. மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேர்மேலே இழுங்கள். தீ வைப்பது, எண்ணெயோ நகப்பூச்சோ ஊற்றுவது எல்லாம் நேரத்தை வீணாக்கும். உண்ணி உள்ளே இன்னும் உமிழும். எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, வட்டமாக விரியும் சிவப்போ வந்தால் அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள். கொசுக்கடிக்குப் பிறகு வரும் காய்ச்சலுக்கும் இதே கவனம் வேண்டும். டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்வரை ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

அறிகுறி: அரிப்பு போய்விட்டது, கரும்புள்ளி நிற்கிறது

அழற்சி ஆறிய இடத்தில் நிறமி தங்கிவிடுகிறது. மாநிறத் தோலிலும் கருமையான தோலிலும் இது அதிகம். சொறிந்த இடத்தில் இன்னும் அதிகம். தழும்பு அன்று, மறையக் கூடியதுதான், ஆனால் மாதங்கள் ஆகும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்பதால் துணியால் மறையுங்கள், அல்லது வெயில் காப்புக் கிரீம் பூசுங்கள். வெளுக்க வைக்கும் என்று விற்கப்படும் கிரீம்களில் ஸ்டீராய்டு ஒளிந்திருப்பதுண்டு, அவற்றைத் தொடாதீர்கள். என் மகளின் கணுக்காலில் இருந்த வட்டங்கள் மறைய ஏழு மாதம் ஆயிற்று. பிளாஸ்திரி ஒட்டிக் காத்த கடிகள் எந்த இடத்தில் இருந்தன என்று இப்போது தேடினாலும் தெரியவில்லை.